மூன்றாவது முடிச்சுக்கு ஒரு ஜாக்கெட்

கும்மிடிப்பூண்டியில் வால்வு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வுப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவன் நான். பிறர் செய்த பொருளில் குற்றம் கண்டுபிடித்து அதன் கழுத்தில் சிவப்பு அட்டை மாட்டுவது என் வேலை. திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் வழியாகக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்த அத்தனை வருடமும் என் கையால் ஒரு பொருளைக்கூட நான் செய்ததில்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளத்தான் ஓய்வுக்குப் பின் தையல் மிஷின் வாங்கினேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மையில், என் மனைவி தன் டெய்லரைப் பற்றிப் புலம்புவதைக் கேட்டு மாளாமல் வாங்கினேன்.

அந்த டெய்லருக்குக் கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை. எந்த ஜாக்கெட்டும் அவரிடம் ஒரு மாதமாவது தங்கிவிட்டுத்தான் வீடு திரும்பும். தீபாவளிக்குக் கொடுத்தது கார்த்திகை தீபத்துக்கு வரும். மனைவி போவாள், வெறும் பையோடு திரும்புவாள்.

"இன்னிக்கும் ஆவலியாம். காஜா எடுக்கிற ஆளு வரலியாம். போன வாரம் கரண்ட் இல்ல. அதுக்கு மிந்தின வாரம் அவரு மாமியாரு செத்துட்டாங்க."

"போன வருஷமும் மாமியார்தானே செத்தாங்க?"

"அதே மாமியாருதான். பாவம், அந்தம்மா இன்னும் எத்தினி வாட்டி சாவுமோ."

"அப்புறம் ஏன் அவர்கிட்டயே போற?"

"அவுரு தெச்சாத்தாங்க உடம்புல ஒக்காருது."

இந்தக் கடைசி வாக்கியத்துக்கு நான் உரிய மதிப்புக் கொடுக்கவில்லை. தாமதம் ஒரு குறைபாடு. குறைபாட்டுக்குக் காரணம் இருக்கும். காரணத்தைக் களைந்தால் குறைபாடு போய்விடும் என்று யோசித்துப் பழகிய மூளை எனக்கு. காரணம் டெய்லர். களைந்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

"நானே தெச்சுத் தரேன்" என்றேன்.

"வால்வு இல்லிங்க அது. உள்ள உடம்பு கீது."

மோட்டார் வைத்த மிஷின் பெட்டியில் வந்து இறங்கியது. வீட்டுக்கே ஆள் அனுப்பி ஓட்டிக் காட்டுகிறோம் என்று கடைக்காரர் சொன்னதை மறுத்துவிட்டேன். கையேடு என்று ஒன்று இருக்கும்போது ஆள் எதற்கு? கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த பிறகே பிளக்கைச் சொருகினேன். முதலில் ஊசியில் நூலே இல்லாமல், கோடு போட்ட தாளை ஓட்டி நேராகப் போகப் பழகினேன். அடுத்து பழைய வேட்டி. அங்கே சிக்கல் ஆரம்பித்தது. மேலே தையல் ஒழுங்காக விழும். துணியைத் திருப்பினால் அடியில் நூல் குருவிக்கூடு மாதிரி சுருண்டு கிடக்கும். அடிநூல் சுற்றிய பாபினை மாற்றினேன், ஊசியை மாற்றினேன், எண்ணெய் விட்டேன். ஒரு வாரம் போராடியபின், கையேட்டில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரி கண்ணில் பட்டது. துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் மேல்நூலைக் கோர்க்க வேண்டுமாம். நான் இறக்கி வைத்துக்கொண்டு கோர்த்திருக்கிறேன். அதனால் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் தட்டுகளுக்குள் போகவே இல்லை. அடியில் தெரிந்த கோளாறுக்குக் காரணம் மேலே இருந்தது. அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை வீட்டில் யாரோடும் பகிர்ந்துகொள்ள முடியவில்லை. "சரிங்க, ஓடுதுல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு மனைவி துணி காயப்போடப் போய்விட்டாள்.

அதன்பின் உற்பத்தி தொடங்கியது. தலையணை உறைகள், கிரைண்டருக்கு ஒரு மூடி, காய்கறிப் பை. முதல் தலையணை உறை தலையணையைவிட ஒரு சாண் நீளம்.

"இன்னாங்க இது, நெல்லு புடிக்கிற சாக்கா? எங்க அண்ணன் கிட்ட குடுத்தா அறுப்புக்கு ஆவும்" என்றாள். அவள் பள்ளிப்பட்டுப் பக்கத்தில் நிலபுலம் உள்ள குடும்பத்துப் பெண். அவளுக்கு உலகத்துப் பொருள்களெல்லாம் அறுவடைக்கு ஆகும், ஆகாது என்று இரண்டு வகை.

இரண்டாவது உறை அளவாக வந்தது. மூன்றாவது உறையின் மூலைகள் கூராகவே வந்தன. எதிர்வீட்டு மாமி வந்து பார்த்துவிட்டு வியந்தார். அவருடைய கணவர் பெருமாள் கோயிலில் கைங்கரியம் செய்பவர். மாமியும் என் மனைவியும் சாயங்காலம் ஒன்றாக நடக்கப் போவார்கள்.

"ஏண்டியம்மா, மாமா இவ்ளோ அழகா தெக்கறாரே, நீ எதுக்கு அந்தக் கடைக்கு அலையறே?" என்று மாமி கேட்டார்.

அப்போதுதான் என் மனைவி அதைச் சொன்னாள். நானாகக் கேட்டு வாங்கிய வாக்கில்லை.

"அலைய மாட்டேன் மாமி. எங்க அண்ணனுக்கு அறுபதாங் கல்யாணம் வருதுல்ல, அதுக்கு இவுரு தெச்ச ஜாக்கெட்டத்தான் போட்டுக்கினு போவப் போறேன். நீங்க வேணா பாருங்க."

மாமி சிரித்தார். மனைவியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சாட்சி முன்னிலையில் வந்த கொள்முதல் ஆணையாகவே அதை எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கல்யாணத்தில் அவளுடைய ஜாக்கெட்டுக்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. அறுபதாம் கல்யாணத்தில் மறுபடியும் தாலி கட்டுவார்கள். மாப்பிள்ளை இரண்டு முடிச்சுப் போட்டதும், மூன்றாவது முடிச்சைப் போட வேண்டியது மாப்பிள்ளையின் தங்கை. என் மனைவி அண்ணியின் பின்னால் போய் நின்று, குனிந்து, இரண்டு கைகளையும் தூக்கிக் கட்ட வேண்டும். ஊர் முழுக்கப் பார்க்கும். வீடியோக்காரர் விளக்கை அங்கேதான் அடிப்பார். இருபத்தைந்து வருடம் கடலுக்கடியில் கிடக்க வேண்டிய வால்வைக்கூட நான் இவ்வளவு கவலையோடு பார்த்ததில்லை.

அடுத்த வாரமே அவள் பொருள்களை ஒப்படைத்தாள். பச்சைப் பட்டுப் புடவைக்கு அரக்கு நிறத்தில் ஜாக்கெட் துணி. கூடவே ஓர் அளவு ஜாக்கெட்.

எங்கள் பக்கத்தில் ஜாக்கெட் தைக்க யாரும் டெய்லர் முன்னால் நின்று உடம்பை அளக்கக் கொடுப்பதில்லை. நன்றாகப் பொருந்துகிற ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். அதுதான் அளவு. அதை வைத்து அடுத்தது, அதே அளவில் அதற்கடுத்தது. தொழிற்சாலையில் நாங்கள் மாஸ்டர் பீஸ் என்று கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்திருப்போமே, அதற்கு இணையானது. இருந்தாலும் நான் டேப்பை எடுத்துக்கொண்டு போய், எதற்கும் நேரிலும் ஒருமுறை அளந்துகொள்கிறேன் என்றேன்.

"ச்சீ, இந்த வயசுல டேப்ப எட்த்துக்கினு வந்துட்டாரு. அளவு ஜாக்கெட் குட்த்தா அதும்படி தெக்கணும். அதாங்க மொற."

முறை என்று சொல்லிவிட்டால் நான் கட்டுப்பட்டுவிடுவேன். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளுக்கு இது தெரியாதா?

அந்த அளவு ஜாக்கெட்டை நான் அளந்த மாதிரி எந்த டெய்லரும் எதையும் அளந்திருக்க மாட்டார். தோள், முதுகு இறக்கம், கைச் சுற்றளவு, கைக்குழி எல்லாவற்றையும் மும்முறை அளந்து சராசரி எடுத்தேன். செய்தித்தாளில் வெட்டி, பழைய வேட்டியில் மாதிரி தைத்து, மாதிரியை அளவு ஜாக்கெட்டின் மேல் வைத்து ஒப்பிட்டேன். பிறகே நல்ல துணியில் கத்தரிக்கோல் வைத்தேன். இடது கையை வலது பக்கத்தில் வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தேன். உள்பக்கம் தையல்களுக்கு வெளியே துணி தாறுமாறாக நீட்டிக்கொண்டிருந்தது. ஆய்வாளன் கண்ணுக்கு அது சகிக்குமா? எல்லா இடத்திலும் ஒரே அகலம் வரும்படி நறுக்கி, ஓரம் பிசிறாமல் அடித்தேன். ஹூக் மட்டும் கையால் வைத்தேன். விரலில் குத்தாத இடமில்லை.

முடித்த ஜாக்கெட்டையும் அளவு ஜாக்கெட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தால் ஓரம்கூடப் பிதுங்கவில்லை. என் வாழ்க்கையில் நானே செய்து, நானே ஆய்ந்து, நானே தேர்ச்சி கொடுத்த முதல் பொருள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே வரும்போது ஜாக்கெட் மடித்து அவள் கையில் இருந்தது.

"கரீட்டா கீதுங்க" என்றாள்.

"போட்டுக் காட்டேன்."

"அங்க பாத்துக்கோங்க. இப்பவே பாத்துட்டா அப்புறம் இன்னா கீது?"

அந்தச் சொல்லில் ஒரு கொஞ்சல் இருந்தது. பணியில் இருந்த காலத்தில், பொருளைக் கண்ணால் பார்க்காமல் வாய்ச்சொல்லை நம்பி ஒரு லாரியைக்கூட நான் கேட் தாண்ட விட்டதில்லை. அன்று விட்டேன். சந்தோஷமாகவே விட்டேன்.

கல்யாணத்துக்கு முதல்நாளே அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் மறுநாள் காலை திருத்தணி வழியாக பஸ் பிடித்துப் பள்ளிப்பட்டு போய்ச் சேர்ந்தேன். மண்டப வாசலில் பன்னீர்ச் சொம்போடு நின்றவர்களைத் தாண்டி உள்ளே பார்த்தால், தூரத்தில் பச்சைப் புடவை. அரக்கு ஜாக்கெட். கை சுருக்கமில்லாமல் வழவழவென்று உட்கார்ந்திருந்தது. நான் ஓர் ஓரமாக நின்று பார்த்தேன்.

மணப்பெண்ணாக உட்காரப் போகிற மச்சான் மனைவி எனக்கு எதிரே வந்தார். அவர் என்னை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவார்.

"வாங்கண்ணே! இன்னா, ஜாக்கெட்டுலாம் தெக்கிறீங்களாமே! எங்க நாத்தனாரு குட்த்து வெச்சவங்க. எங்க ஊட்டுக்காரருக்கு ஒரு பட்டன் வெக்கத் தெரியுமா?"

சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்ற பெண்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். என் திறமையைக் கண்டு கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைக்கக்கூடிய முட்டாளாகத்தான் அன்று காலை பத்து மணிவாக்கில் நான் இருந்தேன்.

முன்வரிசையில் என் பக்கத்தில் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மச்சானுக்கு சம்பந்தி முறை. அவரிடம் பேச்சு ஜாக்கெட்டுக்கு வர நான் வழிசெய்தேன். "அதோ, முடிச்சுப் போடப் போகிறாரே என் வீட்டம்மா, அந்த ஜாக்கெட் என் கைத்தையல்" என்றேன். கைக்குழியில் துணி ஏன் சுருங்கக் கூடாது என்று விளக்கினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்து, "பலே" என்றார். அந்த நேரத்தில் வீடியோக்காரர் கேமராவை எங்கள் பக்கம் திருப்பியிருந்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முகூர்த்தத்துக்கு முன் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அட்சதைத் தட்டைப் பிடித்துக்கொண்டு மனைவிக்குப் பின்னால் நிற்க வேண்டும். மேளம் உச்சத்துக்குப் போயிற்று. மச்சான் இரண்டு முடிச்சுப் போட்டார். என் மனைவி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அண்ணியின் பின்னங்கழுத்துக்குக் குனிந்தாள். ஒரு முழ தூரத்தில் அவள் முதுகு.

கழுத்தைச் சுற்றிப் பொன்னிறத்தில் பைப்பிங் போயிருந்தது. ஜாக்கெட்டின் கழுத்து ஓரத்தில் மெல்லிய கயிறு மாதிரி உருட்டி வைத்துத் தைப்பார்களே, அது. எனக்கு பைப்பிங் வைக்கத் தெரியாது. கையேட்டில் அது கடைசிக்கு முந்திய பாடம். படித்ததோடு சரி, தைத்துப் பழகி நான் அங்கே போய்ச் சேரவே இல்லை.

நல்ல வேலைதான். வளைவில் எங்கும் தடிக்கவில்லை, அகலம் மாறவில்லை. சிவப்பு அட்டை மாட்ட முடியாத பொருள். எல்லோரும் அட்சதை போட்டார்கள். என் தட்டிலிருந்து எடுத்துத்தான் போட்டார்கள். நான் போட்டேனா என்று நினைவில்லை.

பந்தியில் அவள் எனக்கு எதிரில் நின்று, வடை வந்ததா, பாயசம் வந்ததா என்று விசாரித்தாள். வந்தது, வந்தது என்றேன். தலைமையாசிரியர் விடைபெறும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேறு யார் பிடியிலிருந்தும் என் கையை அவ்வளவு சீக்கிரமாக விடுவித்துக்கொள்ள என் வாழ்நாளில் ஆசைப்பட்டதில்லை.

திரும்பும்போது திருத்தணியில் பஸ் மாறினோம். உட்கார இடம் கிடைத்தது. அவள் ஜன்னலோரம். பஸ் கிளம்பியதும் கேட்டேன்.

"பைப்பிங் யாரு வெச்சது?"

"எந்த பைப்பிங்?"

"கழுத்துல."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க தெச்சதுல கையே நொழையலங்க. நான் இன்னா பண்ணட்டும்? முடிச்சு போட சொல்லோ டர்ருன்னு கிழிஞ்சா, அத்தினி பேரு எதுக்க எங்கண்ணன் மானம் இன்னாத்துக்கு ஆவும்?"

"கரீட்டா இருக்குன்னு சொன்னியே."

"சொன்னேன். இன்னா சொல்லச் சொல்றீங்க? ராப்பவலா அத்தக் கட்டிக்கினு அழுதீங்க. கைல ஊசி குத்தி ரெத்தம்."

இரக்கப்பட்டுச் சொன்ன பொய். அப்படியே எடுத்துக்கொண்டு திருவள்ளூர் வரை தூங்கியிருக்கலாம். தூங்க விடாத பழக்கம் ஒன்று எனக்கு இருக்கிறது. ஒரு விளக்கம் வந்தால் அதன் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன்.

நான் ஜாக்கெட்டைக் கொடுத்தது கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு. அவளுடைய டெய்லர் ஒரு வாரத்தில் தைத்துக்கொடுக்கிற டெய்லரா?

"அந்த ஆளு ஒரே வாரத்துல, பைப்பிங் வெச்சு, தெச்சுக் குடுத்துட்டாரா?"

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"மாமியாரு சாவலியா இந்த வாட்டி?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். அந்த அடக்கல்தான் எனக்குப் பதில்.

"எப்போ குடுத்த?"

"மிந்தியே."

"நான் துணிய வெட்றதுக்கு மிந்தியா?"

"விடுங்களேன், பேஜாரு பண்ணிக்கினு. பஸ்ஸுல எல்லாரும் பாக்கிறாங்க."

யாரும் பார்க்கவில்லை. முன்சீட்டில் ஒரு குழந்தை மட்டும் பார்த்தது.

"அப்போ எங்கிட்ட குடுத்த துணி எது?"

"மேட்சிங் சென்டர்ல எட்த்தது" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி. "கலரு அப்டியே ஒத்துப்போச்சி. புடவையில வந்த துணிய உங்க கிட்ட எப்டிங்க குடுப்பேன்? அது போச்சின்னா போச்சிதான்."

வீட்டுக்கு வந்ததும் அவள் பையிலிருந்து என் ஜாக்கெட்டை எடுத்து மேசை மேல் வைத்தேன். பக்கத்தில் அளவு ஜாக்கெட். இரண்டும் இன்னமும் ஒன்றுபோலவே இருந்தன. என் தையலில் தவறு இல்லை. அப்படியானால் கை ஏன் நுழையவில்லை?

"இந்த அளவு ஜாக்கெட் உனக்கு இப்போ சேருமா?"

"அது நம்ப பையன் ஸ்கூலுக்குப் போய்க்கினு இருந்தப்போ தெச்சது" என்றாள். "நல்ல அளவு டெய்லரு கிட்ட இல்ல கீது? அதக் கேட்டு வாங்கினா, வேற எடத்துல குடுக்கிறேன்னு அவுரு கோச்சிக்க மாட்டாரா?"

பையன் இப்போது வேலைக்குப் போய், தலையில் முடி கொட்ட ஆரம்பித்திருக்கிறது.

டெய்லர் கோபித்துக்கொள்ளக் கூடாது. புடவையோடு வந்த துணி வீணாகக் கூடாது. அண்ணன் மானம் போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு ஏற்பாடு இருந்தது. நான் மட்டும் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே, மும்முறை அளந்து சராசரி எடுத்துக்கொண்டிருந்தேன்.

துணியை மாற்றிக் கொடுத்ததைக்கூடப் புரிந்துகொள்ள முடிகிறது. புது ஆளிடம் நல்ல சரக்கை யாரும் ஒப்படைக்க மாட்டார்கள்; நானும் ஒப்படைத்திருக்க மாட்டேன். என்னால் விழுங்க முடியாதது அளவு ஜாக்கெட். தொழிலில் சில வாடிக்கையாளர்கள் இதைச் செய்வார்கள். பொருள் வேண்டாம் என்று நேராகச் சொல்ல மாட்டார்கள். பழைய வரைபடத்தைக் கொடுப்பார்கள். நாம் இரவும் பகலும் உழைத்து அதன்படியே செய்து அனுப்புவோம். பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். கெட்ட பெயர் நமக்கு. அவர்கள் கை சுத்தம். அப்படிப்பட்டவர்களை நாங்கள் பேச்சுவார்த்தை மேசையில் எதிரே உட்கார வைப்போம். என்னுடைய வாடிக்கையாளர் சமையலறையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜாக்கெட்டைப் புரட்டினாள்.

"இன்னாத்துக்கு இப்டி குந்திக்கினு கீறீங்க? பக்கத்துத் தையலப் பிரிச்சி வுட்டா சேந்துட்டுப் போவுது. குடுங்க, ஊட்டுல போட்டுக்கிறேன்."

உள்பக்கம் திருப்பினாள். விரலால் தடவினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உள்ள துணியே வுடலியா?"

ஜாக்கெட் தைக்கிறவர்கள் பக்கவாட்டில் உள்ளே தாராளமாகத் துணி விட்டு, இரண்டு மூன்று வரிசை தையல் போடுவார்களாம். உடம்பு போடப்போட ஒவ்வொரு தையலாகப் பிரித்துக்கொள்வதற்கு. நான் அசிங்கம் என்று நறுக்கி எறிந்தது அதைத்தான். கையேட்டில் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. அது எழுதப்பட்ட நாட்டில் யாரும் சதை போடுவதில்லை போலும்.

அவள் அதை மடித்து பீரோவின் அடித்தட்டில் வைத்தாள். பேச்சு அதோடு முடிந்தது. ஒரு மாதம் வரை அவளோடு நான் தேவைக்கு மேல் பேசவில்லை. திரைச்சீலை தைத்தேன். ஜன்னலுக்கு ஒரு நன்மை உண்டு, அதைப் போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டியதில்லை. நேராக டேப் பிடித்தால் நேரான அளவைக் கொடுக்கும்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் எதிர்வீட்டு மாமி வந்தார். கையில் மஞ்சள் பை. மனைவி அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மாமி மோரைக் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மாமா, கல்யாண ஃபோட்டோ எல்லாம் காமிச்சா இவ. என்ன அழகா தெச்சிருக்கேள்! அந்தக் கழுத்தும் அந்த ஓரமும்... நான் ஆத்துல போய் சொல்லிண்டே இருந்தேன். எனக்கும் ஒண்ணு தெச்சுத் தாங்கோ. தை மாசம் எங்க தங்கை பொண்ணுக்கு நிச்சயதார்த்தம்."

பையிலிருந்து துணியும் ஓர் அளவு ஜாக்கெட்டும் எடுத்து என் மேசையில் வைத்தார். நல்ல பட்டுத் துணி. புடவையோடு வந்தது என்பது ஓரத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மாமியிடம் ஃபோட்டோவைக் காட்டி, இவர் தைத்தது என்று சொல்லியிருக்கிறாள். யாரும் கேட்காமலேயே. இப்போதும் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினாள். வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதற்குப் பொருள். மறுபடியும் மாடிப்படிக்குக் கீழே ஒரு பை போகும், பைப்பிங் வைத்துத் திரும்பி வரும், நான் பெயரை வாங்கிக்கொள்வேன். ஏற்பாடு தயாராக இருந்தது. இந்த முறை எனக்கும் அதில் இடம் ஒதுக்கியிருந்தாள்.

"மாமி, அது நான் தெச்சது இல்ல" என்றேன். "கடைத்தெரு டெய்லர் தெச்சது. நான் தெச்சது பீரோவுல இருக்கு. வேணும்னா எடுத்துக் காட்டச் சொல்லுங்க."

மாமி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கோயிலில் பிரசாதத்துக்கு நிற்கும் வரிசையில் தன் முறை தவறிப்போனவரைப் போல ஒரு முகம். துணியை எடுத்து மெதுவாகப் பையில் போட்டுக்கொண்டார். "அதனாலென்ன, அதனாலென்ன" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார்.

கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் என் மனைவி டம்ளரை மேசை மேல் வைத்தாள். ஓங்கி வைக்கவில்லை.

"அங்க மண்டபத்துல முன்னால குந்திக்கினு அந்த வாத்தியாரு கிட்ட நான்தான் தெச்சேன், நான்தான் தெச்சேன்னு சொன்னீங்க இல்ல? வீடியோவுல அதும் வந்துட்ச்சி. நான் போயிருந்தப்போ எங்கண்ணன் ஊட்டுல எல்லாரும் குந்திப் பாக்க சொல்லோ, டெய்லரு தெச்சத நீங்க தெச்சதா சொல்றீங்கன்னு கெக்கேபிக்கேன்னு சிரிச்சாங்க. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? ஆமா, அவுருதான் தெச்சாரு, பைப்பிங் மட்டும் டெய்லரு கிட்ட குட்த்து வெச்சேன்னு சொன்னேன். அத்தினி பேரு எதுக்க உங்கள நான் வுட்டுக் குடுக்கல. நீங்க ஒரே ஒரு மாமி எதுக்க என்னிய வுட்டுக் குட்த்துட்டீங்க."

நான் சொன்னது உண்மை. அவள் சொன்னது பொய். இது போதுமான பதில் என்றுதான் அன்றும் பட்டது, இன்றும் படுகிறது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. ஏமாற்றப்பட்டவன் நானாக இருக்கும்போது, இவள் கண் ஏன் கலங்க வேண்டும் என்று எரிச்சலாக இருந்தது.

மாமி இப்போதும் சாயங்காலம் நடக்கக் கூப்பிடுகிறார். இவள் கால் வலி என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள். அது உண்மையான கால் வலியா என்று நான் விசாரிப்பதில்லை.

போன வாரம் ஒரு புதுப் புடவையை எடுத்து வந்து என் மேசை மேல் விரித்தாள். ஜாக்கெட் துணி எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து, என் கத்தரிக்கோலை எடுத்து, என் எதிரிலேயே நேராக வெட்டினாள். மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"டெய்லரு கிட்ட குட்த்துட்டு வரேன்" என்றாள், நான் கேட்காமலேயே.

"கத்தரிக்கோல எடுத்த எடத்துல வெச்சுட்டுப் போ" என்றேன்.

வைத்துவிட்டுப் போனாள்.